உங்கள் செல்போனின் ‘காது வில்லை’ எண் தெரியுமா?

திருடு போன போனை முடக்கவும் கண்டுபிடிக்கவும் இலவச வசதிகள் இருக்கின்றன. இன்றே செய்து வைக்க வேண்டியவை, தொலைந்த அன்று செய்ய வேண்டியவை என்னென்ன?

குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிக்கொண்டிருந்த சமயம். காலையில் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்ததும் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வந்தார். மூன்று ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் குத்தகை.

“சார், போன் போச்சு. பஸ்ஸுல ஏறுறப்ப எவனோ உருவிட்டான். பி.எம் கிசான்ல அந்த நம்பர்தான் குடுத்திருக்கேன். அடுத்த தவணை நின்னுடுமா?”

“எப்பப் போச்சு?”

“நாலு நாள் ஆச்சு சார்.”

“சிம்மை நிறுத்தச் சொல்லிட்டீங்களா? பேங்க்ல சொன்னீங்களா?”

“போன்தானே சார் போச்சு, பணம் பேங்க்லதானே இருக்கு? சிம்மை நிறுத்திட்டா போனைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னாங்க. அதான் அப்படியே விட்டு வெச்சிருக்கேன்.”

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக வங்கிக்குப் போனேன். பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பார்த்தால், நான்கு நாட்களில் ஏழு தடவையாக 38,000 ரூபாய் வெளியே போயிருந்தது. சம்பா நடவுக்கும் குத்தகை பாக்கிக்கும் வைத்திருந்த நெல் பணம். அந்த மனிதர் வங்கி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எப்படிப் போனது? போனுக்குப் பூட்டு போடவில்லை. ஏ.டி.எம் கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருந்தார். மறந்துவிடக் கூடாது என்று ‘ஏ.டி.எம்’ என்ற பெயரில் நான்கு இலக்க ரகசிய எண்ணை கான்டாக்ட்டில் சேமித்திருந்தார். சிம் கார்டோ உயிரோடு இருந்தது. பணம் எடுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

அதே பருவத்தில் இன்னொரு சம்பவம். இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பட்டன் போன் வாரச் சந்தையில் காணாமல் போனது. விலை 1,500 ரூபாய்தான். ஆனால், அவர் மகன் போன் வாங்கிய அட்டைப் பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருந்தார். அன்றே சிம்மை நிறுத்தி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அரசு இணையதளத்தில் பதிவும் செய்தார். ஐந்து வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார்கள். பால் சொசைட்டி கணக்கு எண்ணெல்லாம் அப்படியே இருந்ததில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்மார்ட்போன் வைத்திருந்தவருக்குப் போனும் கிடைக்கவில்லை, பணமும் போனது. பட்டன் போன் வைத்திருந்தவருக்கு போன் திரும்பி வந்தது. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், ஒரு 15 இலக்க எண்ணும் முதல் நாளில் செய்த நான்கைந்து வேலைகளும்தான்.

பயிருக்கு வைத்தியம் சொல்கிற ஆள் செல்போனைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். பி.எம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், பயிர்க் காப்பீடு, உழவன் செயலியில் மானியத்துக்கான பதிவு, கூட்டுறவுக் கடன், மோட்டாரை வீட்டிலிருந்தே போடும் செல்போன் ஸ்டார்ட்டர் என்று நம் தொழிலின் சாவிகள் எல்லாம் இப்போது ஒரே போனில் தொங்குகின்றன. சாவிக்கொத்து தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

மாட்டுக்குக் காது வில்லை... போனுக்கு ஐ.எம்.இ.ஐ!

காப்பீடு செய்த மாட்டின் காதில் வில்லை மாட்டியிருப்பார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். கயிற்றை மாற்றலாம், ஆளை மாற்றலாம், சந்தையை மாற்றலாம். வில்லை எண்ணைப் பார்த்தால் எந்த மாடு என்று சொல்லிவிடலாம்.

செல்போனுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அதன் பெயர் ஐ.எம்.இ.ஐ. மொத்தம் 15 இலக்கம். முதல் 8 இலக்கம் எந்த கம்பெனி, எந்த மாடல் என்பதைக் குறிக்கும். அடுத்த 6 இலக்கம் அந்தக் குறிப்பிட்ட போனுக்கான வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு ஐ.எம்.இ.ஐ எண்கள் இருக்கும். 1,000 ரூபாய் பட்டன் போனுக்கும் உண்டு, 50,000 ரூபாய் ஸ்மார்ட்போனுக்கும் உண்டு.

சிம் கார்டு, மாட்டின் கயிறு மாதிரி. திருடுபவன் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ஆனால், அவன் வேறு சிம் போட்டு போனை ஆன் செய்ததும், அது டவரைத் தொடர்பு கொள்ளும்போது சிம் எண்ணோடு சேர்த்து ஐ.எம்.இ.ஐ எண்ணையும் சொல்லிவிடும். திருட்டு போனைக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

உங்கள் எண்ணைப் பார்ப்பது சுலபம். போன் செய்வதுபோல *#06# என்று அழுத்துங்கள். எண் திரையில் வந்துவிடும். போன் அட்டைப் பெட்டியின் ஸ்டிக்கரிலும், பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் வகை போன்களில், பேட்டரிக்கு அடியிலும் ஒட்டியிருப்பார்கள்.

நாடு முழுக்க ஒரே பதிவேடு

முன்பெல்லாம் ஒரு கம்பெனியில் முடக்கிய போனை, வேறு கம்பெனி சிம் போட்டு ஓட்டிவிடலாம். இதைத் தடுக்கத்தான் மத்திய தொலைத்தொடர்புத் துறை ‘மத்திய உபகரண அடையாளப் பதிவேடு’ என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. சுருக்கமாக சி.இ.ஐ.ஆர் என்பார்கள். இதற்கான மென்பொருளை உருவாக்கியது அரசின் ‘சி-டாட்’ நிறுவனம். 2019-ல் மும்பையில் முதலில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் ‘சஞ்சார் சாத்தி’ என்ற இணையதளத்தின் மூலம் நாடு முழுவதற்கும் வந்தது. 2025 ஜனவரியில் அதே பெயரில் செல்போன் செயலியும் வந்துவிட்டது. எல்லாமே இலவசம்.

இதில் உங்கள் போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணைப் பதிந்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் எல்லா செல்போன் கம்பெனிகளிலும் அந்த போன் முடக்கப்படும். இந்தியாவுக்குள் எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காது. யாராவது சிம் போட முயன்றால் அந்தத் தகவல் பதிவாகி, நீங்கள் புகார் கொடுத்த காவல் நிலையத்துக்குப் போகும். பட்டன் போனுக்கும் இது பொருந்தும். கூகுளும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

எல்லா போனும் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பிரித்து உதிரி பாகமாக விற்றுவிட்டாலோ, வெளிநாட்டுக்குக் கடத்திவிட்டாலோ இந்தப் பதிவேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஐ.எம்.இ.ஐ எண்ணையே திருத்தும் ஆட்களும் இருக்கிறார்கள். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இது குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கூகுள் காட்டும் வரைபடம்

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்று இருந்ததை, 2025-ல் ‘ஃபைண்ட் ஹப்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு போட்டு இதைத் திறந்தால், போன் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும். அதிலிருந்தே மூன்று வேலைகள் செய்யலாம்.

ஒன்று, ஒலி எழுப்புவது. சைலன்ட்டில் இருந்தாலும் முழு சத்தத்தில் ஐந்து நிமிடம் அடிக்கும். வைக்கோல் போரில் விழுந்த போனைக்கூட இப்படி எடுக்கலாம். இரண்டு, பூட்டுவது. மூன்று, உள்ளே இருப்பதை எல்லாம் அழிப்பது. ஆனால், அழித்துவிட்டால் அதன்பிறகு இடத்தைக் காட்டாது. ஆகவே, அழிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. இடத்தை உடனுக்குடன் பார்க்க வேண்டுமென்றால் போன் ஆனில் இருக்க வேண்டும், இன்டர்நெட் இருக்க வேண்டும், லொகேஷன் ஆனில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஜிமெயில் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் சிக்கல் இங்கேதான். போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார். முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. வீட்டைக் கட்டி, சாவியைக் கொத்தனாரிடமே விட்டு வந்த மாதிரி.

பாஸ்வேர்டு நினைவில் நிற்காதவர்களுக்காக ‘ரிமோட் லாக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. இதை முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருந்தால், கூகுளின் ரிமோட் லாக் பக்கத்தில் செல்போன் எண்ணை மட்டும் கொடுத்தே திரையைப் பூட்டிவிடலாம். போன் இன்டர்நெட்டில் இருந்தால் போதும். இடத்தைக் காட்டாது, ஆனால் பணத்தைக் காப்பாற்றும்.

தொலைந்த அன்று... எதை முதலில்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘சிம்மை நிறுத்தினால் போனைக் கண்டுபிடிக்க முடியாது’ என்பது பாதி உண்மை. சிம்மை நிறுத்தினால் அதன் இன்டர்நெட் போய்விடும். கூகுள் வரைபடம் இடம் காட்டுவது கடினம். அது சரி. ஆனால், சி.இ.ஐ.ஆர் பதிவேட்டுக்கு உங்கள் சிம் தேவையே இல்லை. திருடியவன் போடும் சிம்மே அவனைக் காட்டிக்கொடுக்கும். எனவே, வரைபடம் பார்க்கப் பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சிம்மை விட்டுவைப்பது, களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இல்லாமல் வருவதற்குச் சமம்.

வரிசையாகச் சொல்கிறேன்.

1. பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கி உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். நல்லவர் கையில் கிடைத்திருந்தால் எடுத்துப் பேசுவார்.

2. எடுக்கவில்லை என்றால், ஃபைண்ட் ஹப் அல்லது ரிமோட் லாக் மூலம் பூட்டுங்கள். இடம் தெரிந்தால் திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

3. சிம்மை நிறுத்துங்கள். அதே கம்பெனி சிம் உள்ள வேறு போனிலிருந்து 198-க்கு அழைத்துச் சொல்லலாம், அல்லது கம்பெனியின் சேவை மையத்துக்கு நேரில் போகலாம். இரண்டு சிம் இருந்தால் இரண்டையும் நிறுத்த வேண்டும்.

4. வங்கிக்குச் சொல்லுங்கள். யு.பி.ஐ, ஏ.டி.எம் கார்டு, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதுதான் அங்கே சாட்சி.

5. பணம் போயிருப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

6. காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். போன் மாடல், இரண்டு ஐ.எம்.இ.ஐ எண்கள், சிம் எண்கள், தொலைந்த இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர் ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர் நகல் வாங்காமல் வராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் இடம் தெரிந்ததும், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போகாதீர்கள். வரைபடம் பத்து வீடு தள்ளிக்கூடக் காட்டும். தவறான வீட்டுக் கதவைத் தட்டி வம்பாகும், சரியான வீடாக இருந்தால் கத்திக்குத்தாகும். அந்த போட்டோவைக் காவலரிடம் காட்டுங்கள்.

மறுநாள்... சஞ்சார் சாத்தி பதிவு

முதலில், அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். ஆதாரோடு நேரில் போனால் கொடுப்பார்கள். பதிவின்போது ஓ.டி.பி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் இது கட்டாயம். ஆனால், மாற்று சிம் இயங்கத் தொடங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் எஸ்.எம்.எஸ் வரும். ‘சிம் கெட்டுப்போச்சோ’ என்று கடைக்கு ஓட வேண்டாம். வேறு எவனாவது நம் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டாலும் உடனே ஓ.டி.பி எடுக்க முடியாதபடி வைத்திருக்கும் ஏற்பாடு இது.

பிறகு, சஞ்சார் சாத்தி இணையதளத்திலோ செயலியிலோ, தொலைந்த செல்போனை முடக்கும் பகுதிக்குப் போக வேண்டும். போன் எண், ஐ.எம்.இ.ஐ எண்கள், கம்பெனி, மாடல், தொலைந்த இடம், தேதி, காவல் நிலையம், புகார் எண் ஆகியவற்றை நிரப்பி, புகார் நகலையும் அடையாள அட்டையையும் ஏற்ற வேண்டும். பில் இருந்தால் அதையும் ஏற்றலாம். முடிந்ததும் ஒரு கோரிக்கை எண் வரும். அதை எழுதி வையுங்கள். நிலவரம் பார்க்கவும், போன் கிடைத்த பிறகு முடக்கத்தை நீக்கவும் அதுதான் வேண்டும். இதெல்லாம் கைவராதவர்கள், வீட்டில் படித்த பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யுங்கள். புகார் கொடுத்த காவல் நிலையத்திலேயே பதிந்து தரும்படியும் கேட்கலாம்.

சந்தையில் போன் வாங்குகிறீர்களா?

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். 3,000 ரூபாய்க்குப் பழைய போன் கிடைக்கிறது என்றால் மட்டும் எதையும் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம். அது திருட்டு போனாக இருந்தால், நீங்கள் சிம் போட்ட மறுகணம் உங்கள் பெயர்தான் காவல் நிலையத்துக்குப் போகும். போனும் போகும், பணமும் போகும், ஸ்டேஷனுக்கு நடந்து செருப்பும் தேயும்.

வாங்கும் முன்பு *#06# போட்டு எண்ணைப் பாருங்கள். உங்கள் போனில் எஸ்.எம்.எஸ் பகுதியைத் திறந்து, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். போனின் கம்பெனி, மாடல், நிலை எல்லாம் பதிலாக வரும். ‘தடை செய்யப்பட்டது’, ‘நகல்’, ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பதில் வந்தால் தொடவே தொடாதீர்கள். சாம்சங் போனைக் கையில் வைத்திருக்கிறீர்கள், பதிலில் வேறு கம்பெனி பெயர் வருகிறது என்றாலும் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் விற்பவரின் பெயர், கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டிய ஏழு வேலைகள்

1. ஐ.எம்.இ.ஐ எண்களைக் காகிதத்தில் எழுதி, பட்டா, சிட்டா வைத்திருக்கும் ஃபைலில் சேருங்கள். போனிலேயே சேமித்து வைப்பதால் பயனில்லை. பில்லையும் அட்டைப் பெட்டியையும் எறியாதீர்கள்.

2. திரைப் பூட்டு போடுங்கள். கைரேகை தேய்ந்த விரல் என்றால் ஆறு இலக்க எண் பூட்டு நல்லது. பிறந்த வருடம் வேண்டாம்.

3. ஏ.டி.எம் கார்டு, ஆதார், பாஸ்புக் போட்டோக்களை கேலரியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் நீக்குங்கள். கார்டின் கடைசி 6 எண்களும் காலாவதி மாதமும் சிம்முக்கு வரும் ஓ.டி.பி-யும் இருந்தால், பல வங்கிகளில் யு.பி.ஐ ரகசிய எண்ணைப் புதிதாக வைத்துவிட முடியும். சில வங்கிகள் ஏ.டி.எம் ரகசிய எண்ணையும் கேட்கும். அதையும் போனில் எழுதி வைத்தால் தடுக்க ஆளில்லை.

4. ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு தெரியாவிட்டால் இப்போதே மாற்றிப் புதிதாக வைத்து, வீட்டு நோட்டில் எழுதுங்கள். ஒருமுறை மகன் அல்லது மகள் போனில் ஃபைண்ட் ஹப் திறந்து, உங்கள் போன் தெரிகிறதா என்று ஒத்திகை பாருங்கள்.

5. செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் ‘தெஃப்ட் புரொட்டெக்‌ஷன்’ என்று இருக்கும். அதில் ரிமோட் லாக்கை ஆன் செய்யுங்கள்.

6. சிம் கார்டுக்கும் பூட்டு போடலாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி எடுப்பதை இது தடுக்கும். ஆனால், கம்பெனி வைத்திருக்கும் முதல் பின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செய்யுங்கள். மூன்று தடவை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க ‘பி.யு.கே’ எண் கேட்கும்.

7. வீட்டில் இன்னொருவரின் செல்போன் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். போன் தொலைந்து நிற்கும்போது மனைவி எண்ணே நினைவுக்கு வராமல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாசகர் கேள்விகள்

இந்த விஷயத்தைக் கூட்டங்களில் பேசியபோது விவசாயிகள் கேட்டவற்றில் சில...

“பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. போன் போன பிறகு ஐ.எம்.இ.ஐ எண்ணை எங்கே தேடுவது?”

ஜிமெயில் தெரிந்தால், ஃபைண்ட் ஹப்பில் உங்கள் போனின் விவரப் பகுதியிலேயே ஐ.எம்.இ.ஐ எண் இருக்கும். தவணையில் வாங்கியிருந்தால் கடன் பத்திரத்தில் பாருங்கள். கடையில் பில் நகல் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கில் பில் இருக்கும்.

“முடக்கிவிட்டால் போலீஸால் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடாதா?”

போகாது. முடக்கிய போனில் யாராவது சிம் போட முயன்றாலும் அது பதிவாகும். முடக்குவதால் தேடுவது நிற்காது.

“செல்போன் ஸ்டார்ட்டரில் என் எண்தான் பதிந்திருக்கிறது. போன் போனால் மோட்டார் என்ன ஆகும்?”

சிம் உயிரோடு இருக்கும் வரை, போனை வைத்திருப்பவன் அழைத்தால் மோட்டார் ஓடும். விளையாட்டுக்கு அமுக்கினாலும் கிணறு வற்றி மோட்டார் கருகலாம். சிம்மை நிறுத்திவிட்டு, மாற்று சிம் வரும் வரை கையால் போடுங்கள். அதே எண்ணில் சிம் வந்ததும் பழையபடி வேலை செய்யும். பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதியலாம். வீட்டில் இன்னொருவர் எண்ணையும் பதிந்து வையுங்கள்.

“வரப்பில் ஒரு போன் கிடந்தது. என் சிம்மைப் போட்டு யாருடையது என்று பார்க்கலாமா?”

கூடவே கூடாது. முடக்கப்பட்ட போனாக இருந்தால் உங்கள் எண்தான் பதிவாகும். அந்த போனுக்கே அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். இல்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுதி வாங்குங்கள்.

“‘உங்க போன் கிடைச்சிடுச்சு, ஓ.டி.பி சொல்லுங்க’ என்று ஒருவர் கூப்பிட்டார். சொல்லலாமா?”

சொல்லக் கூடாது. போனை ஒப்படைக்க எந்தக் காவல் நிலையமும் ஓ.டி.பி கேட்காது. திருடியவன் பூட்டைத் திறக்க முடியாமல்தான் கேட்கிறான். அவன் அனுப்பும் லிங்க்கையும் தொடாதீர்கள்.

“ஐ.எம்.இ.ஐ எண்ணைப் போட்டால் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் என்று ஒரு செயலி வந்திருக்கிறதே?”

நம்பாதீர்கள். ஐ.எம்.இ.ஐ எண்ணை வைத்து இடத்தைப் பார்க்க செல்போன் கம்பெனிகளால் மட்டும்தான் முடியும். காவல் துறை கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள். தனியார் செயலியிடம் அந்த விவரம் கிடையாது. பணத்தையும் உங்கள் விவரத்தையும் பிடுங்குவதற்கான வலை அது.

“பி.எம் கிசான் பணம் நின்றுவிடுமா?”

நிற்காது. பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, போனுக்கு வரவில்லை. அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி-யும் பழையபடி வரும். எண்ணையே மாற்றிவிட்டால்தான் ஆதார், வங்கி, பி.எம் கிசான் என ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டிவரும். அதனால், பழைய எண்ணை விடாதீர்கள்.

என்னைத் தேடி வந்த அந்த விவசாயிக்கு இதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். பி.எம் கிசான் நின்றுவிடுமோ என்றுதான் அவர் பயந்து வந்தார். அது நிற்கவில்லை. யாரும் தொட முடியாது என்று அவர் நம்பியிருந்த பணம்தான் போனது. அந்த வருடம் சம்பா நடவுக்கு நகையை அடகு வைத்தார். இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் போட்டால், மைக்கை வாங்கி முதலில் பேசுபவர் அவர்தான். “எல்லாரும் போனை எடுத்து ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் போடுங்க. வர்ற நம்பரை எழுதுங்க. எழுதிட்டீங்களா? அப்புறம் சார் உரம் பத்தி சொல்லுவாரு” என்பார்.

நீங்களும் இப்போதே போட்டுப் பாருங்கள். எழுதத் தாள் தேட வேண்டாம், இந்தப் பக்கத்திலேயே எழுதி, கத்தரித்து ஃபைலில் வையுங்கள்.

போன் கம்பெனி, மாடல்: ........................
ஐ.எம்.இ.ஐ 1: ........................
ஐ.எம்.இ.ஐ 2: ........................
வாங்கிய கடை, தேதி: ........................
ஜிமெயில் முகவரி: ........................
வங்கிக் கிளையின் போன் எண்: ........................
சிம் நிறுத்த: 198   சைபர் குற்றம்: 1930   பழைய போன் சரிபார்க்க: 14422